நல்லா இருக்கு, ஒரு சின்ன வேலை மட்டும்

சுவர் அகலத்துக்கு இருந்த திரையில் லோகோ மெல்லச் சுழன்று வந்து நின்றது. அறையில் இருந்த மற்ற மூன்று பேரும் திரையைப் பார்க்கவில்லை. அண்ணியின் முகத்தைப் பார்த்தார்கள்.

திரையில் ஒரு நீர்த்துளி. துளியின் தலைக்கு மேல் கிரீடம். துளிக்குள் எட்டு முனை நட்சத்திரம், அதன் நடுவில் ஒரு பொட்டு. போதாதென்று சுற்றிலும் ஒன்பது கதிர்கள். இதையா என் நகையில் குத்தப் போகிறேன் என்று அண்ணியின் மனசு அலறியது. வாய் வேறு சொன்னது.

"நல்லா இருக்கு. ஒரு சின்ன வேலை மட்டும் பண்ணிட்டா போதும். அந்த நட்சத்திரத்தோட முனை இருக்கில்ல, அத லேசா..."

மேசைக்கு அடியில் நாத்தனார் அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அண்ணி பாதியில் நிறுத்திக்கொண்டு சிரித்தாள். எதிரே உட்கார்ந்திருந்த தாடிக்காரர், அந்த டிசைன் ஆபீஸின் முதலாளி, திருப்தியாகத் தாடியைத் தடவிக்கொண்டார். பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டாள்: முனை, லேசாக. லோகோவை வரைந்தவள் அவள்தான். தனியாக அவள் கையில் கொடுக்கப்பட்ட முதல் வேலை அது.

அண்ணி என்பது உறவுமுறையாக இருந்து பெயராகவே மாறிப்போன ஒன்று. பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் ஒரு பெரிய நகைக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த நாத்தனார்தான் அவளை அங்கே பழுதுபார்க்கும் கவுண்டரில் சேர்த்துவிட்டாள். அவள் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதைக் கேட்டு, மேலாளர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். நாத்தனார் பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தாவிவிட்டாள். பெயர் மட்டும் கடையிலேயே தங்கிவிட்டது.

அந்தக் கவுண்டரில் ஒரே ஒரு சட்டம்தான். வாடிக்கையாளர் கொண்டுவரும் நகையைக் குறை சொல்லக் கூடாது. அது தவளைக்குக் கொலுசு மாட்டியது போல இருந்தாலும் சரி, "நல்லா இருக்குங்க, ஒரு சின்ன வேலை மட்டும் பண்ணிட்டா போதும்" என்று சொல்லி வாங்கி வைக்க வேண்டும். அப்புறம் உள்ளே கொண்டுபோய், கோணலை நிமிர்த்தி, பிசிறை அராவி, பாதி நகையைப் புதிதாகவே செய்து கொடுத்தாலும் கேட்பாரில்லை. அண்ணி அப்படித்தான் கொடுத்தாள். அவள் வேலை செய்தது தெரியாமல் இருந்தால்தான் அது நல்ல வேலை. பத்தொன்பது வருடமாக அவள் கை பட்ட நகைகளில் எல்லாம் வேறு யாருடைய முத்திரையோதான் இருந்தது.

இப்போது முதல்முறையாக அவளுடைய முத்திரை. வீட்டுப் பின்னறையில் ஒரு பட்டறை மேசை, நாத்தனாரோடு சரிபாதிக் கூட்டு, சொந்தமாக ஒரு சின்ன வெள்ளி நகை பிராண்ட். எழுத்தெல்லாம் வேண்டாம், ஒரு குறி போதும் என்று முடிவு செய்திருந்தார்கள். அந்தக் குறிக்கு இரண்டு வேலை. மிளகில் பாதி அளவுக்கு எஃகு அச்சில் வெட்டப்பட்டு, ஒவ்வொரு நகையின் உள்பக்கமும் குத்தப்பட வேண்டும். கொஞ்சம் பெரிய அளவில் தகட்டில் அறுக்கப்பட்டு, சங்கிலிக் கொக்கியின் அருகே குட்டித் தொங்கலாக ஆட வேண்டும். அச்சு வெட்டுபவர் வரும் திங்கட்கிழமை படத்தை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதை விட்டால் மூன்று மாதம் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். ஒருமுறை எஃகில் வெட்டிவிட்டால் வெட்டியதுதான். ஆயுசுக்கும் அதுதான் அண்ணியின் கையெழுத்து.

இன்று செவ்வாய்க்கிழமை. இது மூன்றாவது சுற்று.

முதல் சுற்றில் வெறும் துளி மட்டும்தான் இருந்தது. கொஞ்சம் சப்பென்று இருந்தது. அண்ணி நல்லா இருக்கு என்றாள். நாத்தனார் வீட்டுக்குப் போய் பதினான்கு பாயிண்டுகளில் ஒரு மெயில் அனுப்பினாள். பணக்காரக் களை வேண்டும், ஆனால் பகட்டாக இருக்கக் கூடாது என்பது மூன்றாவது பாயிண்ட். பார்த்தவுடன் புரிய வேண்டும், ஆனால் யோசிக்கவும் வைக்க வேண்டும் என்பது ஒன்பதாவது. கிரீடம் அப்படித்தான் வந்தது. அதற்கும் அண்ணி நல்லா இருக்கு என்றாள். அவள் நல்லா இருக்கு என்ற ஒவ்வொன்றின் மேலும் இன்னொன்று ஏறி உட்கார்ந்துகொண்டது.

கூட்டம் முடிந்து லிஃப்டுக்குக் காத்திருந்தபோது கண்ணாடிக்காரப் பெண் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? உங்களுக்கு நிஜமாவே பிடிச்சிருக்கா?"

நல்ல சமயம் அது. அண்ணிக்கும் அது தெரிந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் கண்ணுக்குக் கீழே தூக்கம் இல்லாத கருவளையத்தைப் பார்த்ததும் பத்தொன்பது வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

"ரொம்ப நல்லா இருக்கும்மா."

அவள் முகம் மலர்ந்தது. அம்மாவுக்கு இப்போதே படம் அனுப்பிவிடப் போவதாகச் சொன்னாள். லிஃப்ட் கதவு மூடியதும் ஆரம்பித்த நாத்தனார், பஸ் ஏறி, உட்கார இடம் கிடைத்து, இறங்கும் நிறுத்தம் வரும்வரை நிறுத்தவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு நல்லது பண்றதா நெனப்பா உங்களுக்கு? நீங்க கல்யாணமாகி வந்த புதுசுல என் சமையலையும் இப்படித்தான் நல்லா இருக்குன்னீங்க. நான் இருபது வருஷமா அதையே சமைக்கிறேன் அண்ணி. என் வீட்டுக்காரர் பாவம், உங்களால வாயில்லாத ஜீவனாயிட்டார்."

அண்ணி சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் புதன்கிழமை, அவளுக்கு வார விடுமுறை. காலையில் கணவரை வேலைக்கு அனுப்பிவிட்டுப் பட்டறை மேசையில் உட்கார்ந்தாள். ஒருவேளை குறை லோகோவில் இல்லாமல் தன் கண்ணில் இருந்தால்? கையால் செய்து பார்த்தால் பிடித்துப்போகலாம் என்று ஒரு நப்பாசை. லோகோவைத் தொங்கல் அளவுக்குத் தாளில் அச்செடுத்து, வெள்ளித் தகட்டின் மேல் பசை தடவி ஒட்டினாள். துளை போட்டு, தலைமுடி கனத்தில் இருந்த ரம்ப இழையை உள்ளே விட்டு, கோட்டைப் பிடித்துக்கொண்டே அறுத்தாள்.

கடைசிக் கோட்டை அறுத்து முடித்ததும் லோகோ பொலபொலவென்று அவள் மடியில் உதிர்ந்தது. துளி தனி, கிரீடம் தனி, நட்சத்திரம் தனி, பொட்டு தனி, கதிர்கள் ஒன்பதும் தனித்தனி. மொத்தம் பதின்மூன்று துண்டுகள். எதுவும் எதையும் தொடவில்லை. திரையில் காற்றைக் கொண்டு ஒட்டிவைத்திருந்தார்கள். தகட்டில் காற்று ஒட்டாது.

குத்தும் அளவுக்குச் சுருக்கி ஒன்று அச்செடுத்துப் பார்த்தாள். எறும்பு நசுங்கிய மாதிரி ஒரு கறுப்புத் தீற்றல்.

இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கை தன்பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது. கிரீடத்தை ஒதுக்கியது. கதிர்களைத் தள்ளியது. துளியை வெட்டித் திறந்து, ஒரு பக்கத்தை எறிந்துவிட்டு, இருந்ததை வளைத்து, ஒட்டுப்பொடி வைத்துத் தீயில் பற்றவைத்து, அராவி, மெருகேற்றியது. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் மேசை மேல் புதிதாக ஒரு குறி கிடந்தது. அழகாகவே இருந்தது.

இடைவேளையில் சாப்பிட வந்த நாத்தனார் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். விஷயம் முடிந்தது, இதையே கொடுத்துவிடலாம், அவர்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளட்டும் என்றாள். "'நீங்க குடுத்ததுல ஒரு சின்ன வேலை பண்ணிருக்கோம்'னு சொல்லுங்க. உங்களுக்குத்தான் வாய்ப்பாடாச்சே."

அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மோதிரம் நினைவுக்கு வந்துவிட்டது.

ஆறு வருடம் முன்னால், நடுவயதுப் பெண் ஒருத்தி கொண்டுவந்தது. கல் ஆடுகிறது, இறுக்கித் தர வேண்டும் என்றாள். மோதிரத்தின் அடிப்பக்கம் யாரோ வீட்டிலேயே பற்றவைத்து, மூக்குச்சளி மாதிரி ஒரு ஈயக் கட்டி துருத்திக்கொண்டிருந்தது. அண்ணி வழக்கம்போல் நல்லா இருக்குங்க என்று வாங்கி வைத்தாள். கல்லை இறுக்கியதோடு நிற்காமல், ஈயத்தை வழித்தெடுத்து, வெள்ளியால் பற்றவைத்து, வாங்கிய அன்று இருந்ததைப் போல் பளபளவென்று கொடுத்தாள். அதற்குக் கூலிகூடப் போடவில்லை. அந்தப் பெண் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். அது அவள் கணவர் ஒட்டியது. அவர் இப்போது இல்லை.

அவள் சண்டை போடவில்லை. "அசிங்கமா இருக்கு, எடுத்துடட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகுதான் பழுதுச் சீட்டில் எங்கே, என்ன என்ற இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் அண்ணி தன் கையால் மூன்றாவதாக ஒரு கட்டம் போட ஆரம்பித்தாள்: தொடக்கூடாதது. மேலாளர் முணுமுணுத்தார். வாடிக்கையாளர்கள் அந்தக் கட்டத்தைத்தான் அதிக நேரம் யோசித்து நிரப்பினார்கள்.

கடையில் கேட்கிற கேள்வியை டிசைன் ஆபீஸில் அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அழகாகச் செய்து வைத்த குறியைக் குறட்டால் நசுக்கி, உருக்குகிற கிண்ணத்தில் போட்டாள். நாத்தனார் வாயைப் பிளந்தாள். அண்ணி இன்னொரு தகட்டை எடுத்து, பெண் வரைந்த லோகோவை வரைந்தபடியே, ஒரு கோடு கூடக் குறையாமல் மறுபடி அறுத்தாள். பதின்மூன்று துண்டுகளையும் பொறுக்கி ஒரு சிறு காகிதப் பொட்டலத்தில் மடித்து வைத்தாள்.

வியாழக்கிழமை காலையில் கடைக்கு லீவு சொல்லிவிட்டுத் தனியாகவே டிசைன் ஆபீஸுக்குப் போனாள். திரை வேண்டாம் என்றாள். கண்ணாடிக்காரப் பெண்ணைக் கையை நீட்டச் சொல்லி, பொட்டலத்தை அவள் உள்ளங்கையில் கவிழ்த்தாள்.

"என்ன மேடம் இது?"

"நீங்க போட்ட லோகோ. அறுத்தேன், இப்படி வந்துது." அடுத்த சொல் தொண்டையில் மீன்முள் போல் நின்றது. "எனக்கு இது பிடிக்கலம்மா. மொதல்லேருந்தே பிடிக்கல."

சொல்லிவிட்டாள். கூரை இடிந்து விழவில்லை. குளிர்சாதனம் தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது.

தாடிக்காரருக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. மடிக்கணினியைத் திருப்பி அண்ணியின் மெயில்களைக் காட்டினார். "மேடம், மூணு தடவை நல்லா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டாவதுல பூங்கொத்து படம் வேற போட்டிருக்கீங்க."

"போட்டேன் சார். தப்பு என்னுதுதான். சின்னதா வரும்னு சொன்னேன், எவ்வளவு சின்னதுன்னு சொல்லல. அதுவும் என் தப்பு. கூட ஆகுற வேலைக்கு என்ன உண்டோ குடுத்துடறேன்."

பெண் உள்ளங்கையில் கிடந்த துண்டுகளை விரலால் நகர்த்தி, லோகோவாக அடுக்கப் பார்த்தாள். கிரீடம் நழுவியது. கதிர் ஒன்று தரையில் விழுந்தது. அவள் நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் இல்லை, கோபம் இருந்தது.

"மொத தடவையே சொல்லியிருந்தா அழுதிருப்பேன் மேடம். என்ன, ஒரு அரை மணி நேரம். அதுக்கு பயந்து மூணு வாரம் என்னைய ஓட விட்டுட்டீங்க. லிஃப்ட்டுகிட்ட அவ்வளவு கேட்டேனே."

"கேட்டீங்க."

"எங்கம்மா அத போன்ல முகப்புப் படமா வெச்சிருக்காங்க."

அண்ணி குனிந்து விழுந்த கதிரைத் தேடி எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு கைப்பையிலிருந்து கடைப் பழுதுச் சீட்டு ஒன்றை எடுத்து நடுவில் வைத்து, தன் கவுண்டரில் எப்படி வேலை நடக்கும் என்று சொன்னாள். மோதிரக் கதையையும் சொன்னாள். தாடிக்காரர் தாடியைத் தடவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

எங்கே, என்ன. அந்த இரண்டு கட்டங்களையும் நிரப்பக் கால்மணி நேரம்தான் ஆயிற்று. பிடிக்கல என்ற சொல் முதல் தடவைதான் மீன்முள். இரண்டாவது தடவை சாதாரணமாக இறங்கியது. கிரீடம், யாருடைய தலையிலும் உட்காராது. நட்சத்திரம், முனைகள் முடியில் சிக்கும், கழுத்தில் கீறும். கதிர்கள், அச்சில் நசுங்கிப் போகும். பொட்டு, எதையும் பிடித்துக்கொள்ளாமல் மிதக்கிறது. பெண் ஒவ்வொன்றுக்கும் எதிர்க்கேள்வி கேட்டாள். இரண்டு இடத்தில் அவள் சொன்னதே சரி என்று அண்ணி ஒப்புக்கொண்டு, தான் எழுதியதை அடித்துவிட்டாள். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது.

"இதுல எழுத ஏதாச்சும் இருக்கா மேடம்?" பெண்ணின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "இல்ல, எல்லாமே குப்பைதானா?"

இந்தமுறை பட்டென்று சொல்லிவிடக் கூடாது என்று அண்ணிக்குப் பட்டது. துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். துளியை எடுத்து அதன் விளிம்பை நகத்தால் தடவிக்கொண்டே வந்தாள். இடது பக்கத்தில் நகம் நின்றது.

"இந்த எடது பக்கக் கோடு. மேலேருந்து இறங்கி வந்து, முடியப் போறப்ப மனசு மாறின மாதிரி லேசா திரும்புது பாருங்க. இத யாரு சொல்லிப் போட்டீங்க?"

"யாரும் சொல்லல. கை அப்படிப் போச்சு."

அண்ணி மூன்றாவது கட்டத்தில் எழுதினாள்: இடது பக்கக் கோடு. பெண் அதை இரண்டு தடவை படித்தாள். நேற்று மேசையில் தன் கை எறிந்தது எந்தப் பக்கம் என்று அண்ணிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. இந்தப் பக்கத்தைத்தான் எறிந்திருந்தாள்.

சனிக்கிழமை பெண் அண்ணியின் பட்டறைக்கு வந்தாள். அவளே கேட்டுக்கொண்டு வந்தாள். எது அறுபடும், எது அறுபடாது என்று தன் கைக்குத் தெரிய வேண்டும் என்றாள். சாயங்காலத்துக்குள் ஏழு ரம்ப இழைகளை முறித்தாள். நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருந்தாள். எட்டாவது முறியவில்லை. நாத்தனாரின் பையில் புதிதாக ஒரு மெயிலின் அச்சுப்பிரதி இருந்தது, இந்தமுறை பதினாறு பாயிண்டுகள். அண்ணி அதை வாங்கி மடித்து வைத்துவிட்டு அவளிடமும் ஒரு சீட்டை நீட்டினாள். என்ன என்ற கட்டத்துக்குள் எவ்வளவு இடமிருக்கிறதோ அவ்வளவுதான் எழுதலாம்.

"இதுல என் பேரு எழுதவே எடம் பத்தாதே அண்ணி."

"அப்ப பேர விட்டுடு."

நாத்தனார் பேனாவைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்து, கடைசியில் ஒரே ஒரு வரி எழுதினாள். பிடரியில் ஆடும்போது யார் செய்தது என்று கேட்கத் தோன்ற வேண்டும். பெண் அதைப் படித்துவிட்டு, இது பதினான்கு பாயிண்டையும் விடத் தேவலாம் என்றாள்.

திங்கட்கிழமை காலை நான்கு பேரும் அதே அறையில் உட்கார்ந்தார்கள். திரை அணைந்தே இருந்தது. பெண் மேசைமேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தாள். அதில் ஒரே குறி பெரியதிலிருந்து மிளகுப் பாதி வரை ஆறு அளவுகளில். தாளின் மேல், அவளே தகட்டில் அறுத்து எடுத்த ஒன்று. அரம் பட்ட தடங்கள் அங்கங்கே கோணலாக இருந்தன. அந்த இடது பக்கக் கோடு மேலிருந்து இறங்கி வந்தது. முடியும் இடத்தில் திரும்பி, ஒரு பொட்டைக் கைவிரலில் ஏந்துவது போல் தொட்டுப் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான். வேறெதுவும் இல்லை.

அண்ணி அதை எடுத்து உள்ளங்கையில் குலுக்கினாள். உதிரவில்லை. புறங்கையில் வைத்துத் தேய்த்தாள். கீறவில்லை. தாளைக் கையெட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்து, கடைசியில் இருந்த மிகச் சிறியதைப் பார்த்தாள். எறும்பு இல்லை. கோடும் பொட்டும் தனித்தனியே தெரிந்தன.

"நல்லா இருக்கு," என்றாள்.

தாடிக்காரர் பெண்ணைப் பார்த்தார். பெண் நோட்டைத் திறந்து பேனாவோடு தயாரானாள். "சரி மேடம். இப்ப நிஜத்த சொல்லுங்க."

"நிஜமாத்தாம்மா. நல்லா இருக்கு."

"ஒரு சின்ன வேலை மட்டும், அப்படித்தானே?" என்றாள் நாத்தனார்.

"ஒரு வேலையும் இல்ல."

மூன்று பேரும் அவளை நம்பாமல் பார்த்தார்கள். அண்ணிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக அதை உண்மையாகச் சொல்கிறாள், வாங்கிக்கொள்ள ஆளில்லை. அந்த இரண்டு சொல்லையும் அத்தனை வருடம் செலவழித்துவிட்டாள்.

கைப்பையைத் திறந்து ஒரு சீட்டை எடுத்தாள். எங்கே என்ற கட்டத்தில் ஒரு கோடு கிழித்தாள். என்ன என்ற கட்டத்திலும் ஒரு கோடு. மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி, வெள்ளித் துண்டை இன்னொருமுறை பார்த்தாள். பிறகு ஒரே சொல் எழுதிப் பெண்ணின் பக்கம் நகர்த்தினாள்.

தொடக்கூடாதது: முழுசும்.

பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். மறுபடி போட்டுக்கொண்டு படித்தாள். இந்தச் சீட்டைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"கூடாதும்மா. சீட்டு பொருளோடதான் இருக்கணும், அதான் கவுண்டர் சட்டம்" என்றாள் அண்ணி. நூலைக் கோத்து, சீட்டை அந்தக் கோணல்மாணல் வெள்ளித் துண்டோடு சேர்த்து முடிச்சுப் போட்டாள். அச்சு வெட்டுபவர் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார் என்று நாத்தனார் கடிகாரத்தைக் காட்டி அவசரப்படுத்தினாள்.

"ஒரு நிமிஷம்" என்று பெண் போனை எடுத்தாள். சீட்டும் தெரிய, வெள்ளியும் தெரிய ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அம்மாவுக்கு அனுப்ப.